கூண்டுக்குள் நேர் ரோடு கிடையாது

நான் ஒரு நாளைக்கு நூறு மோட்டார் சைக்கிளுக்கு மேல் ஓட்டுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொன்னபோது மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது. எங்கேயும் போவதில்லை. ஒரகடத்தில் பைக் செய்கிற ஒரு கம்பெனியில், லைன் முடிகிற இடத்தில், ரோலர் டெஸ்ட் என்று ஒரு பக்கம் திறந்த, இரும்புக் கம்பிச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் புது வண்டியை ஏற்றி, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கியராக மாற்றி அறுபது வரை முறுக்கி, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். பிறகு அடுத்த வண்டி. உருளைதான் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஒரு சுவர். சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதியிருக்கிறது. பத்து வருஷமாக மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த எழுத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் பக்கத்தில் வரவில்லை.

ஷிப்டில் எல்லாரும் என்னை ஜோக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளத்துக்கு வெளியே நான் பார்க்கிற ஓ.டி. அது. சூப்பர்வைசர் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் மாதிரி மூக்கைச் சொறிந்து காட்டுவேன். லைனில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற வரைக்கும் நான் யார் என்ற சந்தேகம் எனக்கு வராது.

நான் சொல்ல வந்த அக்கா அங்கே வந்து சேர்ந்தது ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒல்லி, உயரம், காண்ட்ராக்டர் கொடுத்த நீலச் சட்டை தோளில் மட்டும் இறுக்கமாக இருக்கும். என் அறையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி அவர் வரக்கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தவர், முதல் வாரத்திலேயே ஒரு நாள் துடைப்பதை நிறுத்திவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, இந்த வண்டி மூணாவது கியர்ல முனகுது."

"முனகுறது வண்டி இல்லக்கா, நானு. காலையில கேண்டீன் உப்புமா."

வண்டி தள்ளிவர நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை.

"நல்லா இல்ல" என்றார்.

"வண்டியா?"

"ஜோக்கு. வண்டியும்தான்."

வீம்புக்குத்தான் அந்த வண்டிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ரீவொர்க்குக்கு அனுப்பினேன். பிரித்துப் பார்த்தவன் திரும்பி வந்து, மூன்றாவது கியரில் ஒரு பேரிங் சரியாக உட்காரவில்லை என்றான். கம்ப்யூட்டர் பாஸ் போட்ட வண்டி. நானும் பாஸ் போட்டிருப்பேன். என் பத்து வருஷ அனுபவத்தைத் துடைப்பத்தோடு நின்ற ஒருவர் ஒரு காதால் தோற்கடித்திருந்தார். ஒரு காதால் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. அவருக்கு இடது காது கேட்காது.

டீ பிரேக்கில் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மெக்கானிக் வூட்டுப் பொண்ணாக்கா நீங்க?"

"சர்க்கஸ்" என்றார். சமோசா என்று சொல்வது போலச் சொன்னார்.

அதற்கப்புறம் அவரிடமிருந்து கதை கேட்பதே என் டீ பிரேக் ஆனது. மொத்தமாகச் சொல்ல மாட்டார். பத்து நிமிஷத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. அவருடைய ஊர் மணிமங்கலம். அப்பா நிலத்தில் வேலை செய்தவர். பதினொரு வயதில் தாம்பரத்துக்கு சர்க்கஸ் வந்தது.

"எங்கப்பா கூட்டிக்கினு போயி சர்க்கஸ் காட்டினாரு. ராத்திரி அவரு மட்டும் திரும்பி வந்தாரு."

"காணாப் பூட்டீங்களா?"

"வுட்டுட்டு வந்தாருடா. அங்க மூணு வேளை சோறு போட்டாங்க. வூட்ல அஞ்சு பொண்ணு."

இதில் ஜோக் அடிக்க இடமே இல்லை. இருந்தும் என் வாய் ஒரு இடம் தேடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சைக்கிள் ஓட்டும் பெண்களில் ஒருத்தியாக இருந்திருக்கிறார். ஒரு சைக்கிளில் எட்டுப் பேர் ஏறிக் குடை பிடிப்பார்களே, அதில் மேல் வரிசை. மற்ற நேரத்தில் கூண்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைப்பது அவர் வேலை. கூண்டு என்பது உருண்டையாக, இரும்புப் பட்டைகளால் பின்னியது. உள்ளே மோட்டார் சைக்கிளில் ஆண்கள் சுற்றுவார்கள். ஒரு நாள் மாலைக் காட்சிக்கு முன்னால் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். நான் ஓட்டுகிறேன் என்று பத்தொன்பது வயதில் இவர் போய் நின்றார். மாஸ்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை, வெளியே கூட்டம் வரிசையில் நின்றது. மூன்று வருஷமாக மத்தியான நேரத்தில் எல்லாரும் தூங்கும்போது இவர் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து உள்ளே சுற்றிப் பழகியிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது; சத்தம் கேட்டாலும், துடைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மைக்கில், இந்தியாவிலேயே முதன்முறையாக மரணக் கூண்டில் ஒரு மங்கை என்று அறிவித்தார்கள்.

"நெசமாவாக்கா? இந்தியாவுலயே நீங்கதான் மொதலா?"

"மைக்குக்காரன் சொன்னான். அதே மைக்குல யானை கணக்குப் போடும்னும் சொன்னான்." டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா எனக்கு முன்னால ஒரு பொம்பளை உள்ள போயி நான் பாக்கல. எனக்குப் பின்னால ரெண்டு பேரு போனாங்க. நான்தான் கத்துக்குடுத்தேன்."

நான் ஜோக்கர் என்று பெருமையடித்துக்கொண்டபோது மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார்.

"நீயா? ஜோக்கர்னா இன்னா தெரியுமா உனக்கு? ஊஞ்சல் பார் ஆடத் தெரியணும், கயிறு ஏறத் தெரியணும், அடிபடாம விழத் தெரியணும். எல்லாம் தெரிஞ்சவனைத்தான் ஜோக்கரா போடுவாங்க. இன்னொரு வேலையும் கீது. மேல ஆடறவங்க யாராவது வுழுந்துட்டாங்கன்னு வெச்சுக்கோ, உடனே பேண்டு வாத்தியம் மாறும். ஜோக்கருங்க எல்லாம் குடுகுடுன்னு ஓடியாந்து பல்டி அடிப்பாங்க, ஒருத்தன் கால்சட்டைய ஒருத்தன் இழுப்பான். ஜனங்க இந்தப் பக்கம் சிரிச்சிக்கினு இருக்கசொல்ல அந்தப் பக்கம் ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வுழுந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் ஜோக்கர் வேலை. மூக்கச் சொறியறது இல்ல."

என் ஜோக்குகளுக்கு அவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. "நல்லா இல்ல", "இது பரவால்ல, ஆனா நல்லா இல்ல" என்று தரம் பிரித்துச் சொல்லுவார். என் அறையில் நான் வண்டிகளுக்குச் செய்வதை அவர் எனக்குச் செய்தார்.

ஒரு மாதத்தின் நடுவில் காண்ட்ராக்டரின் ஆள் வந்து, இன்னும் மூன்று மாதம்தான், அதற்குப் பிறகு மணிமங்கலம் பக்கம் வேன் வராது என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மூன்றே பேர்; கட்டுப்படியாகவில்லை. ஆறு மணி ஷிப்டுக்கு யார் யார் சொந்தமாக வந்து சேர முடியுமோ அவர்கள் வரலாம். அந்த நேரத்துக்கு நேர் பஸ் கிடையாது. படப்பையில் இறங்கி மாறி வந்தால் ஏழரை. மற்ற இரண்டு பேர் வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். அந்த அக்கா மணிமங்கலத்தில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார். அண்ணன் ஓட்டிய பழைய பைக் ஒன்று அங்கே சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அண்ணனுக்கு முட்டி போய்விட்டது.

"வண்டி கீது. ஓட்டவும் தெரியும். இதுல இன்னா பிரச்சனை?" என்றேன்.

"கேட்ல லைசன்ஸ் கேப்பாங்களே."

"காட்டுங்க."

"எங்க கீது?"

நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷம் மோட்டார் சைக்கிளிலேயே வாழ்ந்த பெண்மணி, லைசன்ஸ் இல்லை. கூண்டுக்குள் போலீஸ்காரர் நிற்பதில்லை அல்லவா! அவர் ரோட்டில் ஓட்டியதே இல்லையாம். ஒரு தடவைகூட. ஊர் விட்டு ஊர் போகும்போது வண்டி லாரியில் ஏறிவிடும், இவர் ரயிலில் ஏறிவிடுவார். எதிரில் இன்னொரு வண்டி வருவது, சிக்னல், பிரேக், எதுவும் அவருக்குப் பழக்கமில்லை.

"பிரேக்குமா?"

"கூண்டுல பிரேக்கைத் தொட்டா செத்தோம்."

இந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அண்ணன் பெண்டாட்டி நல்லவர்தான். ஆனால் வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரிடம் எத்தனை நாளைக்கு நல்லவராக இருக்க முடியும்? அது மட்டுமில்லை. "என் போட்டோ போட்டு, நான் வண்டி ஓட்டுவேன்னு கவர்மெண்டு எழுதிக் குடுக்குமா?" என்று ஒரு நாள் கேட்டார். குடுக்குமே என்றேன். அவருடைய சர்க்கஸ் காலத்துப் போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை. மைக்கில் சொன்னதோடு சரி.

ஆகவே லைசன்ஸ் வாங்கித் தருவதை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்ட பொறுப்புகளின் வரலாறு என் மனைவிக்குத் தெரியும். "பாவம் அந்தம்மா" என்று மட்டும் சொன்னாள்.

எல்.எல்.ஆர். சுலபமாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட் ரோட்டில் பழகினோம். அன்றைக்கு அந்த ரோடுகள் காலியாகக் கிடக்கும். ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் தூங்கும், டிரைவர்கள் அடியில் பாய் போட்டுத் தூங்குவார்கள். வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து என் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். அவர் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

முதல் நாள் ஒரு பூட்டிய கம்பெனி வாசலில் இருந்த சிமெண்டுத் தளத்தில் அவரிடம் வண்டியைக் கொடுத்தேன். புடவையைக் கால் நடுவே இழுத்துச் செருகினார். ஒரே உதை. வண்டி சாய்ந்தது. அவரும் அதோடு சாய்ந்தார். முட்டி தரையைத் தொட ஒரு சாண் இருக்கும். அப்படியே வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். என் ஓட்டை வண்டி, கிளம்பும்போது இருமுகிற வண்டி, ஒரே சுருதியில் பாடியது. அது என்னிடம் அப்படிப் பாடியதே கிடையாது. லாரிக்கு அடியில் தூங்கிய ஒருவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

"யாருண்ணே இவங்க?"

"என் ஸ்டூடண்ட்" என்றேன். வெட்கமில்லாமல்.

அப்புறம் நேர் ரோட்டுக்கு வந்தோம். நூறு அடி போயிருப்பார். வண்டி இடது பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போய், மண்ணில் இறங்கி, புல்லில் சாய்ந்தது. அடி இல்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கடா முடியுது?"

"நேராப் போனா வாலாஜாபாத்து."

"அதுவரைக்கும் திரும்பவே கூடாதா?"

இருபது வருஷமாக இடது பக்கம் மட்டுமே சுற்றியவர். கூண்டுக்குள் நேர் ரோடு கிடையாது. நேராகப் போவது என்றாலே அவர் உடம்புக்கு விழுவது என்று அர்த்தம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த உடம்போடு மல்லுக்கட்டினோம். "லைட்டுக் கம்பத்தப் பாருங்க, கம்பத்துல இருந்து அடுத்த கம்பத்தப் பாருங்க" என்று பின்னால் ஓடிக்கொண்டே கத்துவேன். தொப்பையோடு நான் ஓடுவதைப் பார்க்க லாரி டிரைவர்கள் இரண்டு பேர் வாராவாரம் வந்தார்கள். கடைசியில் அவர் நேராகப் போனார். நிற்கவும் கற்றுக்கொண்டார், ஆனால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு பார்வை பார்ப்பார், தரையில் ஏதோ கிடப்பது போல.

ஏன் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அவருடைய கணவரும் கூண்டில் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே சுற்றுவார்கள். அவர் மேலும் கீழுமாக, இவர் நடுவில் படுக்கை வாட்டில், இடுப்புப் பட்டை மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. சத்தத்தை வைத்துத்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். ஒரு மாலைக் காட்சியில் அந்தச் சத்தம் நின்றது. அவர் வண்டியின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அவர் அடியில் விழுந்து கிடக்கிறார்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவேன்? சுத்தினேன்."

எனக்குப் புரியவில்லை.

"வேகத்துலதானே மேல நிக்கிது வண்டி. நான் கையக் கொறைச்சா நேரா அவரு மேலதான் வந்து வுழுவேன். கதவத் தொறந்து அவரை இழுத்து வெளிய எடுக்குற வரைக்கும் நான் மேல சுத்திக்கினே இருக்கணும். அதான் ரூலு. ஒவ்வொரு சுத்துக்கும் குனிஞ்சு பாக்கறேன். அங்கேயேதான் கீறாரு. கால் வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சு." சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வெளிய ஜோக்கருங்க வந்துட்டாங்க. எனக்கு சத்தம் கேக்கல. கம்பி வழியா ஜனங்க பல்லு தெரியுது. அந்த வேகத்துல தனித்தனியா தெரியாது. எல்லார் பல்லும் சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடு. நான் சுத்தசொல்ல அதுவும் கூடவே சுத்துது."

"எத்தினி சுத்துக்கா?"

"யாரு எண்ணினாங்க? தூக்கினப்புறம் மாஸ்டர் ஸ்பானரால கூண்டுல டங் டங்னு ரெண்டு அடி அடிப்பாரு. கீழ காலி, எறங்குன்னு அர்த்தம். அந்த ரெண்டு அடிக்காகத்தான் சுத்தினேன்."

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோயிருக்கிறார் கணவர். நான்காவது நாள் காட்சி இருந்தது. நீங்கள் ஓட்டினீர்களா என்று கேட்டேன்.

"போஸ்டர் ஒட்டிட்டாங்களே" என்றார்.

கை கழுவிவிட்டு வந்து, "டெஸ்ட் அன்னிக்கு நீ வா. ஆனா வாய மூடிக்கினு நில்லு" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

டெஸ்ட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் முப்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். முக்கால்வாசி காலேஜ் பிள்ளைகள். தரையில் வெள்ளை பெயிண்டில் பெரிய எட்டு. காலை ஊன்றாமல் அந்த எட்டைப் போட வேண்டும். ஒருவன் முதல் வளைவிலேயே காலை ஊன்றினான். இன்னொருவன் கோட்டைத் தாண்டி இன்ஸ்பெக்டரின் நாற்காலி வரைக்கும் போய் வந்தான். அக்காவுக்கு அது விளையாட்டு. எட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ எடமா?" என்று என்னைக் கேட்டார்.

புடவையில் வந்த அம்மா என்று பிள்ளைகள் முதலில் கிசுகிசுத்தார்கள். அவர் முதல் வளைவில் சாய்ந்ததும் கிசுகிசுப்பு நின்றது. இரண்டாவது வளைவில் ஒருவன் விசில் அடித்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வாயைத் திறந்ததற்கு அது மட்டும்தான் காரணம். வேறு ஒரு நல்ல காரணமும் கிடையாது. பக்கத்தில் நின்ற பையன் "யாருண்ணா இது?" என்று கேட்டதும், நான் கையை மைக் மாதிரி வாயில் வைத்துக்கொண்டேன்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இந்தியாவிலேயே முதன்முறையாக! எட்டுக்குள் ஒரு எட்டாவது அதிசயம்! இடைவேளையில் யானை கணக்குப் போடும்!"

முப்பது பேரும் சிரித்தார்கள். எட்டைச் சுற்றி வட்டமாக நின்று சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் அவ்வளவு பெரிய கூட்டம் எனக்குச் சிரித்ததில்லை. அதனால் இன்னும் இரண்டு வரி விட்டேன். யானை மாதிரி ஒரு சுற்று நடந்தும் காட்டினேன்.

"போதும்மா, நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா நிறுத்தவில்லை. எட்டை விட்டுவிட்டு அதன் ஒரு பாதியில் மட்டும் சுற்ற ஆரம்பித்திருந்தார். இடது பக்கமாக. வேகம் கூடியது.

"அம்மா! போதும்! பாஸ்மா நீங்க, நிறுத்துங்க!"

பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் வேண்டுமென்றே வித்தை காட்டுகிறார் என்று நானும்தான் நினைத்தேன். நான் யானை நடையிலேயே அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அவர் தலை குனிந்தது. வட்டத்தின் நடுவில், வெறும் தரையை, ஒரு பார்வை. முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் அந்தப் பிள்ளைகளின் பல் எனக்குத் தெரிந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். சிரிக்காதீங்கடா என்று அவர்களைப் பார்த்துக் கத்தினேன். ஜோக்கர் கத்தினால் யார் நிறுத்துவார்கள்? அதுவும் ஒரு ஜோக் என்று நினைத்தார்கள். எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள். மைதானத்தின் ஓரத்தில் போர்டு மாட்டிய இரும்புக் கம்பம் ஒன்று இருந்தது. என் பையில் எலுமிச்சம் சாதம் கட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை எடுத்துக் கம்பத்தில் ஓங்கி அடித்தேன். இரண்டு அடி. மூடி தெறித்துச் சாதம் என் சட்டையெல்லாம் கொட்டியது.

வட்டம் பெரிதாகி, வேகம் குறைந்து, வண்டி என் முன்னால் வந்து நின்றது. காலை ஊன்றினார்.

"தூக்கிட்டாங்களா?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று வரை தெரியவில்லை.

"தூக்கிட்டாங்கக்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மெல்ல மைதானத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், என் சட்டையில் ஒட்டியிருந்த சாதத்தைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டதும் புடவையைக் கீழே இழுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. பேப்பரை மடித்துக் கொடுத்தார். "அம்மா, உங்க மாதிரி எட்டு போட்டு நான் பாத்ததில்ல. ஆனா நிறுத்துன்னா நிறுத்தணும். ரோட்டுல நாளைக்கு குறுக்க ஒரு குழந்தை வந்தா? இன்னொரு தேதி தரேன், வாங்க."

"சரிங்க சார்" என்றார் அக்கா. இன்னொரு தேதிக்கு அவர் வரமாட்டார் என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்தது.

என் வண்டியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாததால் நாலைந்து விதமாகக் கேட்டேன்.

"வுடு. ஜோக்கர் வேலையத்தானே செஞ்ச" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா அது ஆள் வுழுந்தப்புறம் செய்யற வேலை. நீ முன்னாடியே செஞ்சிட்ட" என்றார்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்காத காது என் பக்கம் இருந்தது.

அடுத்த வாரங்களில் எனக்குத் தெரிந்த எல்லாக் கதவையும் தட்டினேன். காண்ட்ராக்டரின் ஆளிடம் பொது ஷிப்டு கேட்டேன். ஹவுஸ்கீப்பிங்குக்குப் பொது ஷிப்டு இல்லை. நானே தினமும் மணிமங்கலம் வந்து கூட்டிப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் மத்தியானம் என்பது அவருக்கும் தெரியும். "மீதி நாளைக்கு யாரு, யானையா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் ஓர் அறை பார்த்து வைத்தாள் என் மனைவி. வந்து பார்த்துவிட்டு, தனியாக இருந்து பழக்கமில்லை, கூடாரத்தில் நூறு பேரோடு தூங்கியவள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புது தேதி வந்தது. போகவில்லை.

வேன் வருகிற கடைசி நாள். ஷிப்டு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது துடைப்பத்தோடு மஞ்சள் கோட்டுப் பக்கம் வந்து நின்றார். நான் உருளை மேல் அறுபதில் இருந்தேன். கழுத்தைச் சாய்த்து வலது காதால் கேட்டார்.

"இது நல்ல வண்டி" என்றார்.

"பாஸா?"

"பாஸ்." சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதுல நேராத்தானே போவுது?"

"நேராத்தான். எங்கயும் திரும்பத் தேவையில்ல."

"எதிருல யாரும் வரமாட்டாங்க."

"வரமாட்டாங்க."

"ஒரே ஒரு தபா உக்காரட்டுமா?"

அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. இரண்டு நிமிஷ வேலை. மேலே பார்த்தேன். அறை மூலையில் கேமரா. மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளி ஆளை ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு மாதத்துக்கு ஒரு தடவை வகுப்பு எடுப்பார்கள். வீட்டு வாடகை, என் மகளின் ஸ்கூல், பத்து வருஷம், எல்லாம் அந்த ஒரு பார்வையில் ஓடியது. சர்க்கஸில் சேர்ந்தால் என்னை டிக்கெட் கிழிக்கக்கூட வைக்க மாட்டார்கள். முடியாது அக்கா, பயமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நேராகச் சொல்ல எனக்கு வராது.

"எதுக்குக்கா? அறுபதுல போயும் எங்கயும் போய்ச் சேராத ஆளு கம்பெனிக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்றேன்.

அக்கா சிரித்தார்.

அதற்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்க, அடுத்த ஸ்டேஷனில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தார். அவர்களும் என்ன ஜோக் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். விழுந்து கிடந்த என் முகத்தை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அது நல்ல ஜோக் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைப்பத்தின் கட்டையால் என் அறையின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். டங், டங். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் கையைக் குறைத்தேன். சக்கரம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.